முதல் வேண்டாம்

சனிக்கிழமை காலையில் ரெய்னோ மட்டிலாவின் சமையலறையில் யாரும் நின்றுகொண்டிருக்கக் கூடாது. ஓவன் கதவைத் திறப்பதற்கு முன்பே எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து, முள்கரண்டியும் கையுமாக இருக்க வேண்டும். எல்லோரும் என்றால் பெரிய பட்டாளம் ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆகாதவன் வீடு. பல வருஷமாக அவனும் அவனுடைய அக்கா சில்வியும்தான். சில்விக்கு முழங்கால் வீங்கி, ஊரின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வர முடியாமல் போன பிறகு அவன் ஒருவன்தான். அப்போதும்கூடத் தான் முதலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு எழுந்து போய்த்தான் ஓவனைத் திறப்பான்.

வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியவனை அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று கோபிக்க வேண்டாம். கல்யாணம் ஆகாத ஆம்பிளைக்கு எத்தனை நரைத்தாலும் அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் அந்த மரியாதை கிடைப்பதில்லை. ஊரே அவனை "மட்டிலா வீட்டுப் பையன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அவன் செய்வது ஆப்பிள் அப்பம். ஃபின்லாந்திலிருந்து அவன் தாத்தாக்கள் கொண்டுவந்த பெயர் பன்னுகாக்கு. வார்ப்பிரும்புச் சட்டியில் வெண்ணெயை உருக்கி, ஆப்பிள் துண்டுகளைச் சர்க்கரையும் பட்டைத் தூளும் போட்டு வதக்கி, முட்டையும் பாலும் மைதாவும் கலந்த மாவை மேலே ஊற்றி, சட்டியோடு ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டும். தோசை மாவைவிட நீர்த்த மாவுதான். அது சூடு ஏறியதும் விளிம்பெல்லாம் பொன்னிறமாக உப்பிக்கொண்டு, சட்டியை விட்டே எழுந்துவிடும் போல நிற்கும். வெளிக்காற்று பட்டால் போச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமுங்கிவிடும். அமுங்கினாலும் ருசி போகாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எழும்பி நிற்கும்போது ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அதனால்தான் அந்த ஊரில் இந்த ஒரு பண்டத்துக்கு மட்டும் உபசாரம் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. அந்த உபசாரம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் ரெய்னோவின் கதையைச் சொல்ல முடியாது. காபி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை "வேண்டாம்". இரண்டாவது தடவை கேட்டால் "உனக்கெதுக்குச் சிரமம்". மூன்றாவது தடவை கேட்டால் "சரி, போட்டுட்டேன்னா அரை கப் குடு". பிறகு மூன்று கப் குடிப்பார்கள். முதல் தடவையே சரி என்பவன் பறக்காவெட்டி. மூன்றாவது தடவை கேட்காமல் விட்டவள் கருமி. நம் பக்கத்திலும் பந்தியில் "போதும் போதும்" என்று இலைமேல் கையை வைத்து மறைத்தபடி விரலிடுக்கில் பாயசத்துக்கு வழி விடுகிறவர்கள் உண்டு. ஆனால் இவர்கள் அதைச் சாப்பாட்டோடு நிறுத்துவதில்லை.

செப்புச் சுரங்கத்தில் வேலை வந்தபோதும் ரெய்னோ முதலில் வேண்டாம் என்றான். "வேற யாராவது இருந்தாப் பாருங்க" என்றான். மேஸ்திரியும் அதே ஊர்க்காரர் என்பதால் இரண்டு நாள் விட்டு வந்தார், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வைத்துக் கேட்டார், வேலை கிடைத்தது. சுரங்கத்தை மூடிய பிறகு மாவட்ட ஆபீஸான கவுண்டியில், கோடையில் ஜல்லி ஏற்றவும் குளிரில் பனி தள்ளவும் லாரி ஓட்ட ஆள் தேடியபோதும் அதே கதைதான். அதற்கு முன்னால், வாலிபத்தில், மரம் வெட்டும் முகாமில் சமையல்காரர் கையில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு படுத்துவிட, "நீ அடுப்பைப் பாத்துக்கறியா?" என்று மூன்று தடவை கேட்டுத்தான் அவனை அடுப்படிக்குள் தள்ளினார்கள். அப்பம் சுடக் கற்றதும் அங்கேதான். முதல் நாள் வெந்துவிட்டதா என்று பார்க்கக் கதவைத் திறந்து திறந்து மூடி, நாற்பது மரவெட்டிகளுக்கு முட்டைப் பலகை போட்டுவிட்டான். பசியில் தின்றுவிட்டு அவனை வாங்கு வாங்கு என்று வாங்கினார்கள். அதற்குப் பிறகு வேகும்போது கதவின்மேல் கை வைத்ததில்லை.

அவன் வாழ்க்கையில் வந்த நல்லது எல்லாம் மூன்றாவது தடவையில் வந்ததுதான். கல்யாணம் மட்டும் அத்தனை தூரம் வரவில்லை. ஓரிரண்டு பெண்கள் முதல் தடவையோடு நின்றுவிட்டார்கள், இவனாகப் போய்க் கேட்கிற வழக்கமும் இல்லை.

இந்த நிலைமையில்தான் எதிர்வீட்டு ஐலி டெட்ராய்ட்டிலிருந்து திரும்பி வந்தாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பதினெட்டு வயதில் ஊரை விட்டுப் போய், கார் தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை பார்த்து, அங்கேயே கல்யாணம் செய்து, புருஷன் இறந்த பிறகு அப்பா அம்மாவின் பழைய வீட்டுக்கு வந்து விளக்கேற்றினாள். ஊர் மரியாதைக்கு ரெய்னோ ஒரு சனிக்கிழமை வேலி ஓரமாக நின்று, "அப்பம் சுடறேன், சாப்பிட வர்றியா?" என்றான். "வர்றேன்" என்று சொல்லி அப்போதே தெருவைத் தாண்டிவிட்டாள். ரெய்னோவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்கப்போகிறோம் என்ற தெம்பில் முட்டையைக்கூட உடைத்திருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து அவள் வராத சனிக்கிழமை கிடையாது. ஆளில்லாமல் கைவிடப்பட்ட சுரங்க வீடுகளுக்குப் பின்னால் யாருக்கும் சொந்தமில்லாத ஆப்பிள் மரங்கள் நின்றன. புளிப்பும் கடினமுமாக இருக்கும் அந்தப் பழங்கள்தான் சூட்டில் குழையாது. இரண்டு பேரும் வாளி எடுத்துக்கொண்டு போய்ப் பறித்து வருவார்கள். அவள் தோல் சீவுவாள், அவன் நறுக்குவான். அவள் பேசுவாள், அவன் "ம்" என்பான். ஏலக்காயை இடித்து மாவில் போட்டால் நன்றாக இருக்கும் என்று ஒருநாள் அவள் சொன்னாள். அடுத்த வாரம் போட்டிருந்தான். அதை அவன் சொல்லவில்லை. அவளே மென்று பார்த்துக் கண்டுபிடித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வாரம் பூராவும் லாரியில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான் ரெய்னோ. அந்த வயதில் அப்படி ஒருத்தி மேல் ஆசை வந்துவிட்டது அவனுக்கு. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இலையெல்லாம் உதிர்ந்த ஒரு சனிக்கிழமை, அப்பத்தின் பாதி உள்ளே போன பிறகு, ஐலி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரெய்னோ, ஃப்ளோரிடாவுலேர்ந்து என் தங்கச்சி மறுபடி போன் பண்ணினா. அங்கயே வந்துடுங்கறா. என் வீட்டைக் கேட்டு ஆளும் வந்திருக்கு."

"ம்."

"எனக்குப் போறதுக்கு இஷ்டமில்ல. ஆனா இன்னொரு பனிக்காலத்தை அந்த வீட்டுல தனியா ஓட்டவும் என்னால முடியாது. நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

 ரெய்னோ எத்தனை நாள் லாரியில் தனியாகப் பேசிப் பார்த்த பேச்சு அது. அதை அவளே கேட்கிறாள். ஆனால் வாய் இருக்கிறதே, அது ஐம்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் தன்பாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டது.

"சேச்சே, உனக்கெதுக்கு ஐலி அந்தத் தலைவலியெல்லாம்."



"சரி" என்றாள். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். "அப்பம் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

ரெய்னோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். முதல் தடவை முடிந்தது. அவன் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான சனிக்கிழமை இன்னொன்று கிடையாது என்று சொன்னால் நம்புவீர்களா? சாயங்காலம் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து, கல்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சீட்டியடித்தான். இரண்டாவது தடவை எப்போது கேட்பாள், செவ்வாயா புதனா என்று கணக்குப் போட்டான். என்ன சட்டை போடுவது என்பது வரைக்கும் யோசித்தாகிவிட்டது.

செவ்வாய் போனது. புதன்கிழமை அவள் வீட்டு முன்னால் ஒரு வண்டி நின்றது. டை கட்டிய ஒருத்தன் இறங்கிக் கூரையை அண்ணாந்து பார்த்தான். சனிக்கிழமை ஐலி வரவில்லை. இரண்டு தட்டு வைத்து, தான் முதலில் உட்கார்ந்து, எழுந்து ஓவனைத் திறந்தான் ரெய்னோ. அப்பம் ராஜா மாதிரி எழும்பி நின்றது. அவன் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அமுங்கிவிட்டது.

சில்விக்குப் போன் செய்தான். அக்காவிடம் இந்த விஷயத்தைச் சொல்ல அவனுக்கு நாக்கு புரளவில்லை. எச்சில் விழுங்கி விழுங்கிச் சொல்லி முடித்தான்.

"டேய், அவளே கேட்டாளா?"

"ஆமாங்க்கா."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? வேண்டாம்னேன்."

"அது சரி, முறைதானே. அப்புறம் எத்தனை தடவை கேட்டா?"

"அவ்வளவுதான்."

"ஒரே தடவையா?" என்றாள் சில்வி. "அப்ப சும்மா மரியாதைக்குக் கேட்டிருப்பாடா. வாரா வாரம் உன் கையால சாப்பிட்டிருக்கா, போறப்ப ஒரு பேச்சுக்குக் கேட்டுட்டுப் போறா. மனசுல இருந்தா இன்னொரு தடவை கேக்க மாட்டாளா?"

"அவ அப்படிப்பட்டவ இல்லக்கா."

"டெட்ராய்ட்டுக்காரி. அங்க எப்படியோ யாருக்குத் தெரியும்? நீ ஆசைய வளத்துக்காதே. மட்டிலா வீட்டுப் பையனுக்குன்னு எழுதினது அவ்வளவுதான்."

ரெய்னோ போனை வைத்தான். சில்வி சொன்னதில் அவனுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை, அதுதான் வேதனை. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஒரு தடவை கேட்டது கேட்டதாகாது. பரிவோடு சிரித்துவிட்டு அவள் போகட்டும் என்று விட்டுவிடுவதுதான் பெருந்தன்மை. அவனும் விட்டுவிட்டான். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

அடுத்த சனிக்கிழமை விடிந்தபோது அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. திங்கட்கிழமை கிளம்புகிறாள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ரெய்னோ பழக்கத்தில் சட்டியை எடுத்துவிட்டான். வாளியில் மீதமிருந்த ஆப்பிள்களைத் தானே சீவித் தானே நறுக்கினான். ஏலக்காயை இடித்தான். மாவை ஊற்றி உள்ளே தள்ளிவிட்டு, கதவின் கண்ணாடி வழியாக அது எழும்புவதையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். இன்னொரு தடவை இது காலி நாற்காலிக்கு முன்னால் அமுங்குவதைப் பார்க்க அவனால் முடியாது என்று தோன்றியது. கடைசிச் சனிக்கிழமைக்கு ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டாவது போகட்டும். அதில் தப்பொன்றும் இல்லை.

தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, ஓவனிலிருந்து எடுத்த சட்டியோடு தெருவில் இறங்கினான். பனி சூட்டில் பட்டு உஸ் உஸ் என்றது. தெருவைத் தாண்டுவதற்குள் அப்பம் அமுங்கிப் பள்ளமாகிவிட்டது. முழங்கையால் கதவைத் தட்டினான்.

ஐலி தலையில் துணி கட்டிக்கொண்டு, கையில் பசை நாடாவோடு கதவைத் திறந்தாள். சட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"உள்ள வர்றியா?"

"இல்லல்ல, குடுத்துட்டு அப்படியே போயிடலாம்னு..."

"சரி" என்று சட்டியை வாங்கக் கையை நீட்டினாள். இன்னொரு கை கதவை மூடத் தயாராக இருந்தது.

அந்தச் "சரி"யை ரெய்னோ அடையாளம் கண்டுகொண்டான். இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்ட அதே சரி. அதில் கோபம் இல்லை, விளையாட்டு இல்லை. அத்தோடு முடிந்தது என்கிற சரி. இந்தக் கதவு மூடினால் மறுபடி திறக்காது.

"வர்றேன்" என்றான். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "உள்ள வர்றேன் ஐலி."

அவள் வழி விட்டாள். சமையலறையில் மேஜை மட்டும்தான் மிச்சம். சட்டியை அதன்மேல் வைத்துவிட்டு அவன் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அன்னிக்கு நீ ரெண்டாவது தடவை கேப்பேன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

"தெரியும்" என்றாள் ஐலி.

"தெரியுமா?"

"ஏன், நான் என்ன சந்திரமண்டலத்துலயா பொறந்தேன்? நீ முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேட்டேன். இதுக்காவது சரின்னு சொல்ல மாட்டானான்னு ஒரு நப்பாசை." அவள் பசை நாடாவை மேஜைமேல் வைத்தாள். "எனக்குப் பதினெட்டு வயசுல டுலூத்துலேர்ந்து எங்க சித்தி வந்தா. 'நர்ஸ் படிப்புப் படிக்க வைக்கிறேன், கூட வர்றியாடி'ன்னு கேட்டா. எனக்கு அதுன்னா உயிரு. ஆனா வாய் என்ன சொல்லிச்சு தெரியுமா? 'உங்களுக்கெதுக்குச் சித்தி சிரமம்'னுச்சு. அவ ஊரை விட்டுப் போய் ரொம்ப வருஷமாச்சு, இந்தச் சடங்கெல்லாம் மறந்து போச்சு. சரிடின்னுட்டு என் ஒண்ணுவிட்ட தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிட்டா. நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், திரும்பி வந்து கேப்பா கேப்பான்னு. அப்புறம் கேன்டீன்ல தட்டுதான் கழுவினேன். இனிமே எனக்கு எது வேணுமோ அதை ஒரு தடவை கேப்பேன், ஒரு தடவை சொல்லுவேன், அதுக்கு மேல கிடையாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"நான் வேணும்னே சொல்லல ஐலி, பழக்கத்துல..."

"இந்த அப்பம் ஓவன்லேர்ந்து வரும்போது ஒரு நாளாவது வேண்டாம்னிருக்கியா? ஆறிடும், அமுங்கிடும்னு ஓடி வந்து உக்காருவியே. நான் மட்டும் ஆறிப்போக மாட்டேன்னு நெனச்சியா?"

 ரெய்னோவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. கையுறையால் துடைக்கப் போய், அதிலிருந்த வெண்ணெய் கன்னமெல்லாம் ஆனது. தன் வாயால் தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டோம், அதோடு அவளையும் நோகடித்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது.

"வீடு போயிடுச்சு ரெய்னோ" என்றாள் அவள் கொஞ்சம் தணிந்த குரலில். "கையெழுத்தும் போட்டாச்சு. தங்கச்சிக்கு இடுப்புல ஆபரேஷன், பாத்துக்க ஆளில்ல. வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இனிமே நான் இங்க இருக்க முடியாது."

அவன் தலையை ஆட்டினான். ஜன்னலுக்கு வெளியே பனி கனத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கவுண்டியிலிருந்து போன் வரும். பனிக்காலம் தொடங்கிவிட்டது. ஓய்வூதியத்துக்கு இன்னும் சில பனிக்காலங்கள் பாக்கி இருந்தன. அக்கா இருந்தாள், சவுனா இருந்தது, அந்த ஏரியைப் பார்க்காமல் அவன் தூங்கி எழுந்த நாளே கிடையாது. ஃப்ளோரிடா எப்படி இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

"இது வேற கேள்வி" என்றாள் ஐலி. "பழசைத் திரும்பக் கேக்கறேன்னு நெனச்சுக்காதே. நீ என்கூட அங்க வந்துடறியா?"

"வர்றேன்."

அவள் வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டான். சொன்னதைக் கேட்டு அவனுக்கே காது சூடாகியது. ஊரில் யாராவது கேட்டிருந்தால் பறக்காவெட்டி என்றிருப்பார்கள். ஐலி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக ஒரு தடவை சொன்ன பதிலோடு திருப்திப்பட்டவள் அவள். இந்தப் பதிலை மட்டும் அவளால் நம்ப முடியவில்லை போலிருந்தது. உதடு அசைந்தது.

"நிஜமாவே நீ..."

"கேக்காதே ஐலி" என்றான் ரெய்னோ அவசர அவசரமாக. "ரெண்டாவது தடவை கேட்டேன்னா, பழக்கதோஷத்துல இந்த வாய் வேண்டாம்னு சொன்னாலும் சொல்லிடும்."

ஐலி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.